மனிதர் வாழும் கரையில் ஓர் ஓடுபாதை

1959 ஜனவரி 29 அன்று, கிரீன்லாந்தின் தென்பகுதியிலுள்ள ககோர்டோக் துறைமுகத்திலிருந்து 'ஹான்ஸ் ஹெடாஃப்ட்' என்ற டேனிஷ் கப்பல் கோபன்ஹேகனுக்குப் புறப்பட்டது. புத்தம் புதிய கப்பல்; முதல் பயணத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மறுநாள் ஃபேர்வெல் முனைக்கு அப்பால் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 95 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பல மாதங்கள் கழித்து ஐஸ்லாந்துக் கரையில் ஒதுங்கிய ஓர் உயிர்காப்பு வளையத்தைத் தவிர அந்தக் கப்பலிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான், ககோர்டோக்கிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நார்சர்சுவாக்கில் தான் கட்டியிருந்த விமானத் தளத்தை அமெரிக்கா காலி செய்துவிட்டுப் போயிருந்தது. நல்ல நீளமான ஓடுபாதை பயனற்றுக் கிடந்தது. மக்களோ நடுக்குளிர்காலத்தில் பனிப்பாறைகள் மிதக்கும் கடல்வழியே பயணம் செய்தார்கள். கப்பல் மூழ்கிய பிறகே டென்மார்க் அரசு அந்தத் தளத்தைப் பயணிகளுக்காகத் திறந்தது. பிறர் தம் தேவைக்காக அமைத்த ஓடுபாதைகளை ஒட்டித் தம் பயணங்களை வகுத்துக்கொள்வது கிரீன்லாந்து மக்களுக்கு அதன்பின் அறுபது ஆண்டுக்காலப் பழக்கமாயிற்று. 2024 நவம்பர் 28 அன்று தலைநகர் நூக்கில் திறக்கப்பட்ட 2,200 மீட்டர் ஓடுபாதையையும், இலுலிசாட்டில் அதே நீளத்துக்கும் ககோர்டோக்கில் 1,500 மீட்டருக்கும் திட்டமிடப்பட்ட ஓடுபாதைகளையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் பொருள் விளங்கும். கடல் கடந்து வரும் பெரிய விமானம் முதன்முறையாக, மக்கள் வாழும் ஊருக்கே வந்து இறங்குகிறது. இது ஏன் இவ்வளவு காலம் நடக்கவில்லை, இப்போது என்ன விலை கொடுத்து நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கிரீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கை பனிவிரிப்பு மூடியிருக்கிறது. மக்கள்தொகை 57 ஆயிரத்துக்குள்தான். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நூக்கில் வாழ்கிறார்கள். மற்றவர்கள் கரையோரமாகச் சிதறிக்கிடக்கும் சிற்றூர்களில் இருக்கிறார்கள். ஓர் ஊரையும் அடுத்த ஊரையும் இணைக்கும் நெடுஞ்சாலை என்ற ஒன்றே அந்த நாட்டில் இல்லை. ரயில் இல்லை. கோடையில் படகு, குளிர்காலத்தில் வடக்கே உறைந்த கடல்மீது நாய் இழுக்கும் சறுக்குவண்டி, மற்றபடி வானம். பிரசவம், மேற்படிப்பு, வழக்கு, உறவினர் இறப்பு என எதற்கும் நெடுந்தொலைவு போக வேண்டுமானால் பறந்துதான் ஆக வேண்டும்.

இத்தகைய நாட்டில் விமான நிலையத்தை ஊரருகே கட்டாமல் வேறெங்கே கட்டுவார்கள் என்று தோன்றும். அங்கேதான் நிலத்தின் அமைப்பு குறுக்கே நிற்கிறது. இனுயிட் மக்கள் சீல்களையும் திமிங்கிலத்தையும் மீனையும் நம்பி வாழ்ந்தவர்கள். இன்றும் நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பங்கு இறாலும் ஹாலிபட் மீனும்தான். ஆகவே ஊர்கள் எல்லாம் வெளிக்கடலை நோக்கிய கரையில், தீவுகளின் முனைகளில், பாறைமேல் அமைந்தன. திறந்த கடலுக்குப் பக்கம் என்பதே அந்த இடங்களின் சிறப்பு. விமானத்துக்கோ அதுவே கேடு. கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும். காற்று திசை மாறி மாறி வீசும். கைப்பிடி அளவு சமதளம்கூட இராது.

விமானி விரும்பும் இடம் வேறு. கடல் நிலத்துக்குள் குறுகிய பள்ளத்தாக்காக நீண்டு நுழையும் ஃபியோர்டுகளின் உட்கோடியில், பனிவிரிப்பிலிருந்து உருகி வரும் ஆறுகள் மணலையும் சரளையையும் கொட்டி அகன்ற சமவெளிகளை உண்டாக்கியிருக்கின்றன. கடலிலிருந்து வெகுதூரம் என்பதால் அங்கே மூடுபனி அரிது. வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். மண்ணைச் சமன்படுத்தினால் போதும், ஓடுபாதை தயார். ஆனால் அங்கே யாரும் வாழவில்லை, வாழ்வதற்கான காரணமும் இல்லை. விமானத்துக்கு உகந்த இடமும் மனிதருக்கு உகந்த இடமும் ஒன்றுக்கொன்று எதிரெதிர் முனைகளில் கிடப்பதுதான் கிரீன்லாந்தின் அடிப்படைச் சிக்கல். பணம், அரசியல், பொறியியல் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இரண்டாம் உலகப் போரில் வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியது. சரியாக ஓராண்டு கழித்து, 1941 ஏப்ரல் 9 அன்று, வாஷிங்டனிலிருந்த டேனிஷ் தூதர் ஹென்ரிக் காஃப்மன், கோபன்ஹேகன் அரசின் சொல்லைக் கேளாமல், கிரீன்லாந்தில் தளங்கள் அமைக்க அமெரிக்காவுக்கு அனுமதி தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குப் போர் விமானங்களைப் பறக்க வைத்தே கொண்டுசெல்ல, இடையில் எரிபொருள் நிரப்ப இடம் வேண்டியிருந்தது. ராணுவம் விமானியின் கண்ணோடு இடம் தேடியது. நார்சர்சுவாக் 'புளூயி வெஸ்ட் ஒன்' ஆயிற்று. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே, 150 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஃபியோர்டின் கோடியிலுள்ள காங்கர்லுஸ்ஸுவாக் 'புளூயி வெஸ்ட் எய்ட்' ஆயிற்று. இரண்டாவதை அமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் நார்வேயில் பிறந்த துருவ விமானி பெர்ன்ட் பால்சன். பக்கத்தில் ஊர் உண்டா என்று கேட்க அப்போது எவருக்கும் தேவை இருக்கவில்லை.

போர் முடிந்தும் ஓடுபாதைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 1954 நவம்பரில் எஸ்.ஏ.எஸ். விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து துருவ வழியாக லாஸ் ஏஞ்சலஸுக்குச் சேவை தொடங்கியபோது காங்கர்லுஸ்ஸுவாக்கில் எரிபொருள் நிரப்பியது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதன்வழியே இணைந்தன. சுமார் 320 கிலோமீட்டர் தெற்கே இருந்த நூக் இணையவில்லை. 1960இல் இன்றைய ஏர் கிரீன்லாந்தின் முன்னோடியான கிரென்லான்ஸ்ஃப்ளை நிறுவப்பட்டது. 1965 முதல் சிகோர்ஸ்கி எஸ்-61 ஹெலிகாப்டர்கள் தளங்களிலிருந்து ஊர்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றன. தன்னாட்சி கிடைத்த 1979இல் நூக்கிலும், 1984இல் இலுலிசாட்டிலும் குட்டையான ஓடுபாதைகள் வந்தன. நூக்கினது ஆயிரம் மீட்டருக்கும் குறைவு, இலுலிசாட்டினது 845 மீட்டர். 1990களின் இறுதியில் சிசிமியுட், மனீட்சோக், ஆசியாட், உபெர்னாவிக் போன்ற ஊர்களுக்கு 799 மீட்டர் ஓடுபாதைகள் கிடைத்தன. உபெர்னாவிக்கில் அதற்காக மலையுச்சியையே சீவித் தட்டையாக்கினார்கள்.

குறுகிய தூரத்தில் எழும்பி இறங்கும் டாஷ்-7, பிறகு டாஷ்-8 விமானங்கள் இந்த ஊர்களை இணைத்தன. நாற்பதுக்கும் குறைவான பயணிகளை ஏற்றும் அந்த டாஷ்-8கள் கிரீன்லாந்தின் பேருந்துகள். ஆனால் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வரும் பெரிய விமானம், தெற்கே நார்சர்சுவாக்கை விட்டால், காங்கர்லுஸ்ஸுவாக்கில்தான் நிற்க முடிந்தது. அமெரிக்க விமானப்படை 1992இல் வெளியேறிய பின்னும் அதுவே நாட்டின் முதன்மை வாசல். சுமார் 500 பேர் மட்டும் வாழும், விமான நிலையத்தைத் தவிர வேறு பிழைப்பில்லாத ஓர் இடத்தில் நாடு முழுவதும் இறங்கி, காத்திருந்து, விமானம் மாறியது. நூக்கிலுள்ள இங்ரிட் அரசி மருத்துவமனையில் தீராத நோயாளி கோபன்ஹேகனின் ரிக்ஸ் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமென்றால், முதலில் சிறு விமானத்தில் வடக்கே பறந்து, பிறகு கிழக்கே பறக்க வேண்டும். வானிலை இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். பயணச்சீட்டின் விலையும் கூடியது. இதை வசதிக்குறைவு என்று மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சொந்தத் தலைநகருக்கு நேரே போக வழியில்லாத ஒரு நாடு தன் ஆட்சியை எவ்வளவு தூரம் தன் கையில் வைத்திருக்க முடியும்?

இனி மண்ணுக்கு வருவோம். ஆற்று மணல்மேல் கட்டுவது எளிது என்றேன். அந்த எளிமைக்கு ஒரு பின்விளைவு உண்டு. ஆர்க்டிக் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உருகாத உறைமண் அடுக்கு இருக்கிறது. அதற்குள் பனிக்கட்டி மெல்லிய தகடுகளாகவும் ஆப்புகளாகவும் கலந்திருக்கும். உறைந்திருக்கும் வரை அது கான்கிரீட்டைப் போல் சுமை தாங்கும். உருகினால் பனிக்கட்டி இருந்த இடம் வெற்றிடமாகி நிலம் அமுங்கும். கருந்தார் பூசிய ஓடுபாதை கோடை வெயிலை உறிஞ்சி வெப்பத்தைக் கீழே அனுப்புகிறது. அதனால்தான் வடமேற்கு கிரீன்லாந்தின் துலே தளத்தில் 1950களிலேயே ஓடுபாதைக்கு வெள்ளைச் சாயம் பூசினார்கள், வெயிலைத் திருப்பி அனுப்புவதற்காக. காங்கர்லுஸ்ஸுவாக்கிலும் சில பகுதிகளில் வெள்ளை பூசிப் பார்த்தார்கள். அங்கே தளத்தில் விரிசல்களும் பள்ளங்களும் தோன்றியது புதிய ஓடுபாதைகளைக் கேட்டவர்களின் வாதங்களில் ஒன்றாகவும் அமைந்தது.

பக்கத்து நாடான கனடாவின் இக்காலுயிட் இன்னும் தெளிவான பாடம். நுனாவுட்டின் தலைநகரான அந்த ஊரே 1942இல் அமெரிக்கர்கள் அமைத்த விமானத் தளத்தைச் சுற்றி எழுந்தது. ஓடுபாதைக்காகச் சிற்றோடைகளையும் குட்டைகளையும் மண்கொட்டி நிரப்பினார்கள். பிற்காலத்தில் நிலவியலாளர்கள் பழைய வான்படங்களை வைத்து ஒப்பிட்டபோது, தளம் அமுங்கிய இடங்கள் பலவும் அந்தப் பழைய நீர்வழிகளின் மேலேயே அமைந்திருப்பது தெரிந்தது. மேலே தார் போட்டு மறைத்தாலும் தண்ணீர் தன் தடத்தை விடுவதில்லை. இன்னொரு வியப்பும் உண்டு. ஓடுபாதையின் கரைச்சரிவுகளில் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி நிலத்தைக் குளிரவைக்கும் என்றுதானே நினைப்போம்? உண்மையில் அது கம்பளிப் போர்வையாக மூடி, குளிர்காலக் கடுங்குளிர் மண்ணுக்குள் இறங்காமல் தடுத்துவிடுகிறது. பனி அதிகம் சேரும் ஓரங்களில்தான் உறைமண் முதலில் இளகுகிறது.

ஊர்கள் இருக்கும் வெளிக்கரை பாறையால் ஆனது. நூக் பகுதியின் நைஸ் பாறைகள் உலகிலேயே மிகத் தொன்மையானவற்றில் சேரும். சில 380 கோடி ஆண்டுகள் வரை பழையவை. பாறை உருகாது, அமுங்காது. ஆனால் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்தப் பாறையில் 2,200 மீட்டர் நீளத்துக்கு நேர்கோடு கிடைக்காது. ஓடுபாதை என்பது தார்ப்பட்டை மட்டுமல்ல. இருபுறமும் அகன்ற தடையற்ற சமதளமும், முனைகளில் விமானம் வழுக்கி ஓடினால் தாங்கும் பாதுகாப்புப் பரப்பும், கருவிகளின் துணையோடு இறங்குவதற்கான சிக்னல் அமைப்புகளும் வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் விமானம் எழும்புவதற்கு உதவும். அந்தச் சலுகையை இறங்கும்போது பனிபடிந்த வழுக்குத்தளம் பறித்துக்கொள்ளும். எனவே நீளத்தில் கஞ்சத்தனம் காட்ட முடியாது. மேட்டைத் துளையிட்டு, வெடிவைத்துத் தகர்த்து, உடைந்த கல்லை அளவுவாரியாகப் பிரித்து, பள்ளத்தில் அடுக்கடுக்காகக் கொட்டி, அதிர்வு ரோலரால் அழுத்தி ஒரு செயற்கை மேடையை எழுப்ப வேண்டும். நூக்கிலும் இலுலிசாட்டிலும் கட்டுமான நிறுவனமான முன்க் குழுமம் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை பெரும்பாலும் இதுதான். அதுவும் பழைய ஓடுபாதையில் டாஷ்-8கள் தினமும் இறங்கி ஏறிக்கொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே வெடி வைக்க வேண்டும். இலுலிசாட்டுக்கு வேறு வழியில்லை, நூக்குக்கும் இல்லை. விமானம் நின்றால் ஊர் நின்றுவிடும்.

பாறை என்று நம்பி இறங்கினால் நடுவே வேறொன்று காத்திருக்கும். பனி யுகத்தில் கிரீன்லாந்தின் கரைகள் பனிவிரிப்பின் எடையால் கீழே அழுந்தியிருந்தன. பனி பின்வாங்கியபோது கடல் உள்ளே புகுந்து களிமண்ணைப் படியவைத்தது. பாரம் நீங்கிய நிலம் மெல்ல உயர, அந்தக் கடற்படுகை இன்று பாறைகளுக்கிடையே உலர்ந்த பள்ளங்களாக நிற்கிறது. இலுலிசாட்டைச் சுற்றி இத்தகைய களிமண் உண்டு. அதில் கடலுப்பு எஞ்சியிருக்கிறது. உப்புநீர் சுழியம் பாகையில் உறைவதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆகவே வெப்பமானி சுழியத்துக்கு இரண்டு மூன்று பாகை கீழே காட்டும்போதும் அந்த மண்ணுக்குள் ஒரு பகுதி நீர் திரவமாகவே இருக்கும். பார்க்க உறைமண், தாங்கும் திறனோ அதற்கில்லை. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, அதன் தடையை அளந்து இந்தக் களிமண் எங்கே எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்று கண்டறியும் ஆய்வுகளைப் பல ஆண்டுகளாக அங்கே நடத்தியிருக்கிறார்கள். ஓடுபாதையின் தடத்தில் அத்தகைய மண் அகப்பட்டால் நம்பகமான வழி அதைத் தோண்டி அகற்றி, பாறை வரை இறங்கி, உடைகல்லால் நிரப்புவதுதான்.

இந்த வேலைகளுக்குரிய பருவமோ மிகக் குறுகியது. கிரீன்லாந்துக்குச் செல்லும் சரக்கில் பெரும்பகுதி டென்மார்க்கின் ஆல்போர் துறைமுகத்திலிருந்து ராயல் ஆர்க்டிக் லைன் கப்பல்களில் போகிறது. நூக் துறைமுகம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். இலுலிசாட் இருக்கும் டிஸ்கோ விரிகுடாவைக் குளிர்காலத்தில் கடற்பனி அடைத்துவிடும். சிமென்ட், தார், இயந்திரத்தின் மாற்று உதிரிபாகம் எதுவானாலும் கப்பல் வரும் மாதங்களிலேயே வந்துசேர வேண்டும். நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுவரை இலுலிசாட்டில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. பாறையை மின்விளக்கில் உடைக்கலாம். தாரை அப்படிப் போட முடியாது. குளிர்ந்த தளத்தில் கொட்டினால் இறுகும் முன்னரே வெப்பத்தை இழந்து பின்னாளில் பெயர்ந்துவிடும். ஒரு கோடையைத் தவறவிட்டால் ஓராண்டே போய்விடும்.

இவ்வளவு உழைத்துக் கட்டியும் மூடுபனியை எந்தப் பொறியாளரும் அகற்ற முடியாது. இலுலிசாட்டின் அழகே அதன் பகையும்கூட. செர்மெக் குயலெக் பனியாறு உடைத்துத் தள்ளும் பிரம்மாண்டமான பனிப்பாறைகள் ஊருக்கெதிரே மிதந்து நிற்கின்றன. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அந்தப் பனி ஃபியோர்டைக் காணத்தான் பயணிகள் வருகிறார்கள். அதே குளிர்நீர்மேல் கோடையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று படும்போது மூடுபனி எழுந்து விமானத்தைத் தடுக்கிறது. கருவிவழி இறங்கும் வசதி இதைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. வெளிக்கரையிலுள்ள நூக்குக்கும் இதே கதைதான்; ஆகவே அதை நோக்கிப் பறக்கும் ஒவ்வொரு விமானமும், அங்கே இறங்க முடியாவிட்டால் வேறெங்கே போவது என்ற விடையை எரிபொருளாகத் தன் தொட்டியில் சுமந்தாக வேண்டும். பெரும்பாலும் அந்த விடை காங்கர்லுஸ்ஸுவாக். இல்லாவிட்டால் ஐஸ்லாந்து வரை திரும்பிப் போகும் அளவுக்கு எரிபொருள் வேண்டும். கூடுதல் எரிபொருள் என்றால் பயணிகளும் சரக்கும் குறையும். நூக் நிலையத்தின் முதல் குளிர்காலத்திலேயே இந்த இழுபறியைப் பயணிகள் நேரில் உணர்ந்தார்கள்.

திட்டத்தின் அரசியல் வரலாறு 2018இல் உச்சத்தைத் தொட்டது. ஓடுபாதைகளைக் கட்டவும் நடத்தவும் 2016இல் அமைக்கப்பட்ட கலாலிட் ஏர்போர்ட்ஸ் நிறுவனம், தகுதிபெற்ற ஒப்பந்ததாரர்களின் பட்டியலில் சீன அரசுக்குச் சொந்தமான சைனா கம்யூனிகேஷன்ஸ் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனியையும் சேர்த்திருந்தது. டென்மார்க் பதறியது; வாஷிங்டனும் கவனித்தது. 2009 தன்னாட்சிச் சட்டப்படி விமான நிலையம் கட்டுவது நூக் அரசின் அதிகாரம். வெளியுறவும் பாதுகாப்பும் கோபன்ஹேகனின் அதிகாரம். ஓர் ஓடுபாதை இந்த இரண்டில் எதில் சேரும்? 2018 செப்டம்பரில் டேனிஷ் பிரதமர் லார்ஸ் லொக்க ரஸ்முசென் நூக்குக்கே பறந்து வந்து கிரீன்லாந்துப் பிரதமர் கிம் கீல்செனோடு உடன்பாடு செய்தார். டென்மார்க் 70 கோடி குரோனர் போட்டு, நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. கடனும் கடன் உத்தரவாதமும் அதற்கு மேல். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அதே மாதம் கிரீன்லாந்தின் விமான நிலையங்களில் முதலீடு செய்யும் விருப்பத்தை அறிவித்தது. உடன்பாட்டை ஏற்காத நலேராக் கட்சி கிரீன்லாந்தின் ஆளும் கூட்டணியிலிருந்து விலகியது. சீன நிறுவனம் 2019இல் போட்டியிலிருந்து பின்வாங்கியது.

நலேராக்கின் கோபத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். சொந்த மக்களுக்காகச் சொந்த அரசு எடுத்த பெரிய கட்டுமான முடிவில் மறுபடியும் கோபன்ஹேகன் பங்குதாரராக வந்து அமர்ந்தது அவர்களுக்கு வலித்தது. ஆண்டுதோறும் டென்மார்க் தரும் மானியமே பொது வருவாயில் பாதியளவு இருக்கும் நாட்டில் அந்தப் பங்கு வெறும் கணக்குவழக்கு அல்ல. ஆனாலும் வட்டி குறைந்த பணம் கிடைத்ததால்தான் இவ்வளவு சிறிய மக்கள்தொகை இத்தனை பெரிய கட்டுமானத்தைத் தாங்கியது என்பதும் உண்மை. கீல்சென் செய்தது பேரம். என் கணிப்பில், அந்தச் சூழலில் கிடைத்த நல்ல பேரம்.

நூக் ஓடுபாதையின் விளைவு உடனே தெரிந்தது. ஏர் கிரீன்லாந்தின் 305 இருக்கைகள் கொண்ட, 'துக்காக்' என்று பெயர் சூட்டப்பட்ட ஏர்பஸ் ஏ330-800 விமானம் கோபன்ஹேகனிலிருந்து நேரே தலைநகருக்கு வரத் தொடங்கியது. 2025 ஜூனில் யுனைடெட் நிறுவனம் அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து நூக்குக்குச் சேவை தொடங்கியது. அந்த மகிழ்ச்சிக்கு நடுவே, அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், பயணிகளைச் சோதிக்கும் ஊழியர்களின் பயிற்சி விதிகளுக்கேற்ப இல்லை என்று டேனிஷ் விமானப் போக்குவரத்து அமைப்பு கண்டறிந்தது. சர்வதேசச் சேவைகள் தடைபட்டன. பாறையை உடைக்க வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவரலாம், வேலை முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். பாதுகாப்புச் சோதனை, தீயணைப்பு, பனி அகற்றுதல், வான்வழிக் கட்டுப்பாடு என்று தினமும் நடக்க வேண்டிய வேலைகளுக்கு அந்த ஊரிலேயே பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். இருபதாயிரம் பேர் கொண்ட ஊரில் அவர்களை மருத்துவமனையும் பள்ளியும் மீன்பதனிடும் ஆலையும் ஏற்கெனவே தேடிக்கொண்டிருக்கின்றன.

ஓடுபாதை வரும் ஊர் வளர்ந்தால், ஓடுபாதை போகும் ஊர் என்னாகும்? ககோர்டோக் நிலையம் திறப்பதோடு நார்சர்சுவாக் நாட்டின் தெற்கு வாசல் என்ற இடத்தை இழக்கும் என்பதே திட்டம். சுமார் 3,000 பேர் வாழும் ககோர்டோக்குக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. ஹெலிகாப்டருக்கோ படகுக்கோ காத்திராமல் வீட்டருகே விமானம் ஏறலாம். ஆனால் நார்சர்சுவாக்கில் விமான நிலையத்தால் மட்டுமே பிழைத்த சிறு குடியிருப்பு இருக்கிறது. ஃபியோர்டின் எதிர்க்கரையில், நார்ஸ் குடியேறி எரிக்கின் பண்ணை இருந்த கசியார்சுக்கிலும் சுற்றிலும் ஆடு வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த நிலப்பரப்பு 2017இல் குயாட்டா என்ற பெயரில் உலகப் பாரம்பரியத்தில் சேர்ந்தது. அவர்களுடைய சுற்றுலா வருமானம் எதிர்க்கரை ஓடுபாதையை நம்பியது. கிரீன்லாந்தில் இந்த அச்சம் புதியதல்ல. சிதறிக்கிடந்த மக்களை ஊர்களில் குவிப்பதை 1960களில் டேனிஷ் அரசு கொள்கையாகவே வைத்திருந்தது. நிலக்கரிச் சுரங்க ஊரான குலிசாட் 1972இல் மூடப்பட்டு, மக்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அந்த மக்களின் வேதனை பிற்காலத் தன்னாட்சி அரசியலுக்கு உரமானது. ஓடுபாதையை இடம் மாற்றுவதும் மக்களை இடம் மாற்றும் ஒரு வழிதான் என்பதை நூக்கிலிருப்பவர்கள் பிறரைவிட நன்றாக அறிவார்கள். ஆகவே நார்சர்சுவாக்குக்கும் பண்ணைகளுக்கும் படகு, ஹெலிகாப்டர் சேவைகளை மானியத்தோடு உறுதிசெய்யும் பொறுப்பும் அவர்களுக்கே கூடுதலாக உண்டு.

காங்கர்லுஸ்ஸுவாக் அப்படி மறைந்துவிடாது. டேனிஷ் ராணுவத்துக்கு அது வேண்டும். பனிவிரிப்பின்மேல் ஆய்வு முகாம்களுக்குச் செல்லும் அமெரிக்கச் சறுக்குச்சக்கர ஹெர்குலிஸ் விமானங்களுக்கு அது கோடைத் தளம். மூடுபனி நாட்களில் பயணிகளுக்கும் அதுவே புகலிடம்.

கிழக்குக் கரையில்தான் கதை இன்னும் தொடங்கவே இல்லை. தசீலாக் அங்கே மிகப்பெரிய ஊர். அதற்கு அருகிலுள்ள விமான நிலையம் குலுசுக் தீவில் இருக்கிறது. 1950களில் அமெரிக்க ரேடார் நிலையத்துக்காகக் கட்டியது. அங்கே இறங்கிய பின் ஹெலிகாப்டர் வேண்டும். இன்னும் வடக்கே, சில நூறு பேர் மட்டும் வாழும் இட்டோக்கோர்டோர்மியிட்டுக்கு வாசல் நெர்லெரிட் இனாட். எண்ணெய் தேடி வந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று 1985இல் அமைத்த ஓடுபாதை அது. ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். எண்ணெய் கிடைக்கவில்லை, ஓடுபாதை மட்டும் எஞ்சியது. இவ்விரண்டு ஊர்களுக்கும் அருகே புதிய ஓடுபாதை அமைக்கும் பேச்சு நெடுநாளாக நூக்கில் நடக்கிறது. மேற்குக்கரையின் பெரிய ஓடுபாதைகளைச் சுற்றுலா வருமானத்தைக் காட்டி நியாயப்படுத்த முடிந்தது. கிழக்கில் காட்டுவதற்கு அத்தகைய கணக்கு கிடையாது. கடல் ஆண்டில் பெரும்பகுதி பனியால் அடைபட்டு, கப்பல் கோடையில் மட்டும் எட்டிப்பார்க்கும் ஊர்களில் வாழும் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இருக்கிறார்கள்.